பழைய பொம்மைக் காரை எடைக்குப் போடலாமா?

பொம்மைக் காருக்கெல்லாம் நம் இதழில் ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டே படிக்கட்டும். இந்தச் சரக்கில் எனக்கு நஷ்டம் வந்திருக்கிறது. என்னால் இன்னொருவருக்கும் வந்திருக்கிறது.

1994இல் கடியப்பட்டணத்தில் என் கடைக்கு ஓர் அம்மா பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். கப்பல் வேலைக்குப் போன அவர் கணவர் சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு வாங்கிய நான்கு சிறு கார்கள் அதில் இருந்தன. "இத எடுத்துக்கிடுவியளா அண்ணாச்சி?" என்றார். 20 ரூபாய் கொடுத்தேன். கிழிந்த அட்டைப் பெட்டிகளைக் குப்பையில் போட்டேன். மூன்று கார்கள் அந்த மாதமே விற்றன. நான்காவது நீல நிறம், பெயிண்ட் உதிர்ந்திருந்தது. வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு எனாமலைப் பூசி அலமாரியில் வைத்தேன். அது விற்கவே இல்லை.

சென்ற ஆண்டு நாகர்கோவிலிலிருந்து வந்த ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். இங்கிலாந்தின் லெஸ்னி கம்பெனி 1965இல் வெளியிட்ட மேட்ச்பாக்ஸ் 42ஆம் எண் வண்டி, ஸ்டூடிபேக்கர் லார்க் வேகனேர். கூரையின் பின்பாதி நிஜ வண்டியில் போலவே நகரும். "பெட்டியும் இல்லை, நிறமும் போச்சு, இனி என்ன?" என்றார்.

லார்க் என்பது 1959இல் வந்த அமெரிக்க காம்பாக்ட் கார். சிறிய கார் என்பது அவர்கள் கணக்கு. அடுத்த ஆண்டின் ஃபோர்டு ஃபால்கன் 4.6 மீட்டர் நீளம். நம் அம்பாசடரோ 4.3 மீட்டர்தான்! ஸ்டூடிபேக்கரின் சவுத் பெண்ட் தொழிற்சாலை 1963 டிசம்பரிலும், கனடா தொழிற்சாலை 1966இலும் கார் உற்பத்தியை நிறுத்தின. நிஜ வண்டி அரிதாக ஆக, மாதிரி வண்டியைத் தேடுவோரும் பெருகினர். கோர்கி கம்பெனியின் 1961ஆம் ஆண்டு செவ்ரோலெட் கார்வேருக்கும் இப்படியே ஆட்கள் அலைகிறார்கள்.

இதில் வியாபாரிகளுக்கு ருசியான சங்கதி ஒன்று உண்டு. நாம் காலண்டரும் துணிப்பையும் கொடுப்பதுபோல, அமெரிக்க கார் விற்பனையாளர்கள் 25இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாதிரிகளை வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஏ.எம்.டி., ஜோ-ஹான் போன்ற கம்பெனிகள் அவற்றைச் செய்தன. நிஜக் காரின் நிறமே மாதிரிக்கும். ஆரம்ப கால அசிடேட் பிளாஸ்டிக் நாளாவட்டத்தில் வளைந்து கோணிப்போகும். கோணாமல் தப்பியவற்றுக்குத்தான் இன்று கிராக்கி. சியர்ஸ் என்ற பெருங்கடை ஒருபடி மேலே போய், ஹென்றி ஜே என்ற சிறு காரையே ஆல்ஸ்டேட் என்று தன் பெயரிட்டு 1952, 53இல் விற்றுப் பார்த்தது. கார் போணியாகவில்லை. இன்று அது கிடைப்பதரிது.

நம் பக்கத்து வீடுகளில் வளைகுடாவிலிருந்தும் கப்பலிலிருந்தும் வந்த டின்கள் இன்னும் பரண்மேல் இருக்கின்றன. அவை நம் கடைக்கு வரத்தான் போகின்றன. அன்றைக்கே விலை பேசி முடித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. வண்டியின் அடிப்பக்கத்தைப் படியுங்கள். இரண்டு நாள் தவணை கேளுங்கள். விசாரித்தறிந்த விலையைக் கொண்டுவந்தவரிடமே சொல்லுங்கள். தெரிந்துகொண்டே 20 ரூபாய் கொடுப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்பவர் நம்மிலும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. நான் தெரியாமல் செய்தேன், அதற்கே மனம் கேட்கவில்லை.

உப்புக்காற்றில் அச்சு துருப்பிடிக்கும், எனவே மூடிய அலமாரி வேண்டும். உதிர்ந்த பெயிண்டைத் தொடவே வேண்டாம். புதிதாக அச்சடித்த பெட்டியில் போட்டு அசல் என்று விற்பதும் நடக்கிறது, அது மோசடி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் குழந்தைகள் விளையாட இவற்றை விற்கக் கூடாது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 1.1.2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த அம்மாவின் மகனைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். சிவப்பு எனாமல் நான் அடித்தது என்று ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்திட்டுக் கூடவே கொடுத்திருக்கிறேன்.