வீடு வசிப்பதற்கே!

2025 ஜூலை 4ந் தேதி மெக்ஸிகோ நகரின் கொந்தேசா, ரோமா பகுதிகளில் நூற்றுக்கணக்கான மக்கள் வாடகைக் கொடுமையை எதிர்த்து ஊர்வலம் நடத்தினார்கள். ஊர்வலத்தில் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். உலகப் பத்திரிகைகளில் அது பெரிய செய்தியாயிற்று. கண்ணாடி உடைந்ததைப் பார்த்தவர்கள், அதற்கு முன்பே அங்கே குலைந்துபோன குடும்பங்களைப் பார்க்க வேண்டாமா?

விஷயம் என்ன? அமெரிக்காவிலிருந்து வருகிறவர் விசா இல்லாமலே 180 நாள் வரை மெக்ஸிகோவில் தங்கலாம். டாலரில் சம்பளம், பெஸோவில் செலவு. பால்கனியும் பூந்தொட்டியும் மெத்தையும் உள்ள அழகான வீடு ஏர்பிஎன்பி போன்ற கம்பெனிகள் மூலம் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் கணக்குப் பார்க்கிறார். குடியிருப்பவர் மாதம் முழுவதற்கும் தருவதை, விருந்தாளி சில நாட்களிலேயே தந்துவிடுகிறார். ஒப்பந்தம் முடிந்ததும் குடியிருப்பவர் வீதிக்கு வருகிறார். அந்த மெத்தை விரிப்பைத் துவைக்கும் பெண்ணோ, தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் இஸ்தபலாபா போன்ற தூரத்துப் பகுதிகளிலிருந்து வேலைக்கு வரவேண்டியிருக்கிறது!

இந்த வலையை விரித்ததில் சர்க்காருக்கும் பங்கு உண்டு. 2022ல் நகர சர்க்காரின் தலைவராக இருந்த கிளாடியா ஷெய்ன்பாமே ஏர்பிஎன்பியோடும் யுனெஸ்கோவோடும் உடன்பாடு செய்து, கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை செய்யும் அந்நியர்களை வரவேற்றார். இடதுசாரி என்று பெயர் பெற்றவர் செய்தாலும் தவறு தவறுதான். பின்னர் மக்களின் நிர்ப்பந்தம் வலுத்தது. 2024ல் நகர சட்டசபை, பழைய குடியிருப்பாளரின் வாடகையைப் பணவீக்கத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்றும், சுற்றுலா வீட்டை வருஷத்தில் பாதி இரவுகளுக்கு மேல் விடக்கூடாது என்றும் சட்டங்கள் இயற்றியது. சட்டம் காகிதத்தில் தூங்குவதா, நடப்பதா என்பதை மக்களின் விழிப்புத்தான் தீர்மானிக்கும்.

மெக்ஸிகோ மக்களுக்குப் போராட்டம் புதிதல்ல. 1922ல் வெராக்ரூஸ் துறைமுக நகரில், எரோன் ப்ரோவால் என்ற தையல் தொழிலாளியின் தலைமையில் குடியிருப்போர் வாடகை கொடுக்க மறுத்து வேலைநிறுத்தம் போல் நின்றனர். பட்டாளம் சுட்டது, ரத்தம் சிந்தினர். 1942ல் தலைநகரில் வாடகை உறைய வைக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 19ந் தேதி பூகம்பத்தில் வீடிழந்தவர்கள், "எங்கள் பேட்டையை விட்டுப் போகமாட்டோம்" என்று ஸ்தாபன ரீதியாகத் திரண்டார்கள். சர்க்கார் நிலத்தைக் கையகப்படுத்தி, அதே இடங்களில் 40,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டித்தர வேண்டியதாயிற்று.

ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம். "கிரிங்கோவே, வெளியே போ!" என்ற கோஷமும் அன்று எழுந்தது. ஆத்திரம் புரிகிறது, வழி அதுவல்ல. நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் வாடகை கொடுக்க முடியாமல் ஓடிவந்தவர்களும் அந்த விருந்தாளிகளில் உண்டு. அங்கே அவர்களை விரட்டியதும், இங்கே மெக்ஸிகோ தொழிலாளியை விரட்டுவதும் ஒரே லாப வேட்டைதான். கலிபோர்னியா வயல்களில் உழைக்கும் மெக்ஸிகோ கூலிகளை "அந்நியன்" என்று வேட்டையாடும் கூட்டத்தின் மொழியை நாம் கடன் வாங்கலாமா? பிறந்த நாட்டைப் பார்த்து எதிரியை அடையாளம் காண முடியாது. வீட்டைச் சரக்காக்கி வாடகையில் கொழுப்பவனே எதிரி.

மாதக் கூலியில் வாடகைக்கு எடுத்து வைத்தது போக மிச்சத்தை எண்ணிப் பார்த்த எந்தத் தொழிலாளிக்கும் இந்தப் போராட்டம் அந்நியமல்ல. மெக்ஸிகோ நகரின் குடியிருப்போர் வெல்க! வீடு வசிப்பதற்கே, வேட்டையாடுவதற்கல்ல!