எண்கள் மட்டும் மிஞ்சினால்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி நிரல் சில வேளைகளில் திடீரென்று நின்றுவிடுகிறது. நிற்கும்போது சில எண்களை வரிசையாகக் காட்டிவிட்டு நிற்பதுண்டு. அவற்றைக் கண்டு மிரளத் தேவையில்லை. நிரல் கடந்துவந்த வழியைச் சொல்லும் குறிப்புகளே அவை.

நீங்கள் ஒரு பெரிய கணக்கைப் போடுகிறீர்கள் என்று கொள்வோம். ஐந்தாம் வரியில் ஒரு வர்க்கமூலம் தேவைப்படுகிறது. 'ஐந்தாம் வரிக்குத் திரும்புக' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டு வர்க்கமூலம் காணப் போகிறீர்கள். அங்கே ஒரு வகுத்தல் குறுக்கிட்டால், முதல் துண்டின் மேல் இன்னொரு துண்டு. நிரலும் இப்படித்தான் செய்கிறது. இத்துண்டுகளின் அடுக்குக்கு 'அழைப்பு அடுக்கு' என்று பெயர். மேலிருந்து கீழாகப் படித்தால், எந்தப் பகுதி எதை அழைத்தது என்பது விளங்கும்.

ஆனால் துண்டுகளில் இருப்பவை நினைவக முகவரி எண்கள் மட்டுமே. எந்த எண் எந்தப் பகுதிக்கு உரியது என்று சொல்லும் பெயர்ப் பட்டியல் மனிதருக்குத்தான் தேவை, எந்திரத்துக்கு வேண்டியதில்லை. இடத்தை மிச்சப்படுத்தவோ இரகசியம் காக்கவோ அதை நீக்கிவிடுபவர் பலர். ஆண்டுகள் பல சென்றபின், எழுதியவரும் இல்லை, பட்டியலும் இல்லை என்ற நிலை வந்துவிடுகிறது.

அப்போது எப்படிப் படிப்பது? முகவரியிலிருந்து நிரலின் தொடக்க முகவரியைக் கழித்தால், அது நிரலில் எந்த இடம் என்று தெரியும். அவ்விடத்துக்குச் சற்று முன்னால் 'அழை' என்னும் ஆணை இருக்கவேண்டும். இல்லையேல் அது திரும்புமிடத்தைச் சொல்லும் துண்டே அன்று. பிறகு அப்பகுதியில் வரும் எண்களைக் கவனிக்கவேண்டும். 86,400 என்று வந்தால், ஒரு நாளின் விநாடிகள் அல்லவா? அது காலக்கணக்காக இருக்கக்கூடும்.

பெயரற்ற எண்களைப் படிக்கும் இக்கலைக்கு நம் புதுச்சேரியிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1825இல் இவ்வூர்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான சொற்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். அம்முறையை ஜான் வாரன் என்பவர் எழுதிவைத்தார். அச்சொற்கள் எண்களை மறைத்துவைத்தவை. 'தேவர' என்ற வடசொல்லில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. அந்த 248 எதைக் குறிக்கிறது என்று சொல் சொல்லாது. கணிதரும் வானியல் கோட்பாடு அறிந்தவரல்லர் என்றே வாரன் குறிக்கிறார்.

கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நாய்கெபவர் 1952இல் இம்முறையை ஆராய்ந்து எழுதினார். நீங்களும் சோதித்துப் பாருங்கள். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, மறுபடி அதே நிலைக்கு வர 27.55455 நாள் ஆகிறது. இதை 9ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 248. பிழை சுமார் 13 நிமிடம். அம்முறையில் வரும் இன்னொரு எண் 3031. 110ஆல் பெருக்கிப் பாருங்கள். பிழை ஒரு நிமிடம்கூட இல்லை! பெயர் போனாலும் எண் தன் பொருளைச் சொல்லிவிடுகிறது.

"பொருள் தெரியாமலே கணக்கு நடந்ததே, பிறகென்ன குறை?" என்று சிலர் கேட்கலாம். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம்தான். நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். இப்பிழை எந்தப் படியில் நுழைந்தது? காரணம் அறியாமல் படிகளை மட்டும் அறிந்தவரால் அதைத் தேடிப் பிடிக்க முடியாது. கணிதரை நான் குறைகூறவில்லை. அவர் நினைவாற்றலால்தான் அம்முறை நம் கைக்கு வந்தது. காரணங்களைச் சொல்லாமல் எண்களை மட்டும் கொடுத்துச் சென்ற வழக்கத்தையே குறைகூறுகிறேன். இன்று வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பல்லாண்டுகளுக்கு முன் எழுதிய நிரல்கள் ஓடுகின்றன. அவை நின்றுபோனால் பழுதுபார்க்க வரவிருப்பவர்கள் நீங்கள்தாம்.

ஆகவே பெயரற்ற எண்களைப் பொறுமையாகப் படிக்கப் பழகுங்கள். அதைவிட முக்கியமாக, நீங்கள் எழுதும் நிரலிலும், போடும் கணக்கிலும், ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் 'இது எதற்கு' என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பின்னால் வருபவர் அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு நன்றி சொல்வார்.