அடுக்களைப் புகையும் கொத்தனாரின் பொறுப்பும்

விறகடுப்பினால் ஒரு பெண்மணி தீக்காயமுற்றாள் என்ற செய்தி வரும்போதெல்லாம், அவள் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளவும், நைலான் புடவையை விடுத்து நூல் புடவை உடுத்தவும், அடுப்பில் மண்ணெண்ணெயைச் சாய்க்காமலிருக்கவும் அவளுக்குப் புத்தி சொல்லுகிறோம், சொல்ல வேண்டியவைதாம். ஆனால் அவள் மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தேடிப் போனது எதனால் என்று விசாரிப்பவர் இல்லை.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அந்நீரை ஆவியாக்குவதிலேயே அக்கினியின் சக்தியெல்லாம் விரயமாகிவிடுவதால் விறகு பற்றாமல் புகைகிறது. அவளோ ஊதாங்குழலை வாயில் வைத்துக் கண்ணீர் வழியக் குனிந்து ஊதி ஊதி, அந்தப் புகையையே மார்பு நிறைய வாங்கிக்கொள்கிறாள். பிளந்த கட்டைகளை மழை படாத, காற்று நுழையும் இடத்தில் மாதக்கணக்கில் அடுக்கி, ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வற்றிய பிறகே அடுக்களைக்குள் அனுப்புவது, விறகு வாங்கிப் போடுகிறவரின் கடமை. அதற்குப் பதிலாக, அடுப்புக்கு நேர்மேலே பரணில் சுள்ளியை அடுக்கி உலர்த்தும் வீடுகளைக் கண்டு நான் பதறியிருக்கிறேன்.

புகைகின்ற விறகாவது கண்ணைக் கரித்து மனிதனை வெளியே விரட்டும். கனிந்த தணலுக்கு அந்தத் தயவும் கிடையாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும், குளிர் பொறாமல் கங்கை இரும்புச் சட்டியில் அள்ளிவந்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு படுப்பவர் விடியலில் எழுந்திராமற் போவதன் காரணம், நிறமோ வாசனையோ அற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்வதால், தலைவலியும் மயக்கமும் தூக்கத்தோடு தூக்கமாகக் கலந்து, உயிர் பிரிவதை உறங்குகிறவர் அறிவதேயில்லை. படுக்கையறைக்குள் தணலைக் கொண்டுபோகவே கூடாது.

புகைக்கு வழிவிடுவதோ வீடு கட்டுகிறவரைச் சேர்ந்த காரியம். தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியிலே, ஒரே வாயில் விறகிட்டுப் பல பாத்திரங்களைக் காய்ச்சி, புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேல் செலுத்தும் 'மகன் சூலா' என்ற மண்ணடுப்பு உருவாயிற்று. ஏழைக்கும் எட்டக்கூடிய அந்த யுக்தி பிறந்து பல தசாப்தங்கள் கடந்த பின்னும், நம் கிராமத்து அடுக்களைகள் எத்தனையோ இன்னும் ஒற்றை ஜன்னலோடு நிற்கின்றன. குழாய் மட்டும் இருந்தாலும் போதாது. உள்ளே படியும் கரியை அடிக்கடி சுரண்டி எடுக்காவிட்டால் புகை அறைக்கே திரும்பும், சில சமயம் அந்தக் கரியே தீப்பற்றும். ஓலையை உரசிச் செல்லும் குழாயோ கூரைக்கே கொள்ளி.

எரிவாயு வந்துவிட்டதே என்பார்கள். சிலிண்டர் தீர்ந்த வாரத்திலும், வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும் விறகுதானே எரிகிறது? ஆதலால், சர்க்கார் உதவியோடு கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் புகைபோக்கியை முதல் நாளே குறித்துவிட வேண்டும். குடிபோன பிறகு சுவரை இடித்து அதை வைத்த வீட்டை நான் இதுவரை கண்டதில்லை.