நாக்கின் மேல் போடும் பழி

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவரைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. "வாயைக் கட்டத் தெரியல, அதான் வயித்தை வெட்டிக்கிட்டா." கல்யாணப் பந்தியிலும் சொல்கிறார்கள், அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதும் சொல்கிறார்கள். குண்டாக இருப்பவருக்கு நாக்கு அடங்காது, மன உறுதி கிடையாது என்பது இதில் முதல் தீர்ப்பு. ஆபரேஷன் இரைப்பையைச் சின்னதாக்குகிறது, உள்ளே இடமில்லாததால் இளைக்கிறார்கள், ஆசை என்னவோ அப்படியே இருக்கும் என்பது இரண்டாவது. இரண்டும் தவறு. இரண்டாவது தவறு என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் முதலாவது தானாக விழுந்துவிடும்.

இடம் குறைவதுதான் காரணம் என்றால், ஆபரேஷன் ஆனவர் பசியோடு இலை முன்னால் உட்கார்ந்து, நாலு வாயில் வயிறு முட்டி, ஏக்கத்தோடு எழுந்து போக வேண்டும். நடப்பது வேறு. எங்கள் குடும்பத்தில் அண்ணி ஒருவர் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டார். தீபாவளிக்கு முந்தின ராத்திரியே ஜாங்கிரி டப்பாவைத் திறந்துவிடுகிற ஆள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு சீமந்தத்தில் கட்டாயத்துக்காக இரண்டு ஸ்பூன் கேசரி சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, உள் அறையில் போய்ப் படுத்துவிட்டார். சர்க்கரை வேகமாகச் சிறுகுடலில் இறங்கி, அங்கே நீரை இழுப்பதால் வருவது அது. 'டம்பிங்' என்பார்கள் மருத்துவர்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அது இல்லாத நாட்களில் நடந்தது. எண்ணெய் காயும் வாசனை அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. சோறு நெஞ்சில் நிற்கிறது என்றார். சாம்பாரில் ஊறின இட்லி இறங்கியது. பாதாம் அல்வாவை எதிரில் வைத்தால் தள்ளி வைக்கக்கூடத் தோன்றாமல் அது பாட்டுக்கு இருக்கும். ஒரு பந்தியில் அத்தை முறை ஒருவர், "இத்தனை லட்சம் கொட்டி வாயைக் கட்டினதுக்கு, முன்னாடியே கட்டியிருக்கலாமே" என்றார். அண்ணி கோபப்படாமல் சொன்னார்: "நான் கட்டல அத்தை. இப்ப அது கேக்கல."

அந்தப் பதிலில் இருக்கும் விஷயத்தை மருத்துவ உலகம் பல வருடங்களாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பைபாஸ் என்றதும் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு; இது குடலில் செய்வது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-ல் தொடங்கி வைத்த முறை, பிறகு பல திருத்தங்கள் கண்டது. இரைப்பையின் மேல்முனையில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். சாப்பாடு பெரிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் சீக்கிரம் கீழே போய்ச் சேருகிறது. அங்கே குடல் சுவரிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் முன்பைவிடப் பல மடங்கு சுரந்து, "போதும்" என்ற சேதியை மூளைக்கு அனுப்புகின்றன. ஸ்லீவ் என்கிற இன்னொரு முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-ல் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஆக, கத்தி படுவது வயிற்றில். மாறுவது வயிறும் மூளையும் பேசிக்கொள்ளும் பேச்சு.

"எல்லாம் சின்ன வயிற்றால் வருவதுதான்" என்று இன்னும் சொல்பவர்களுக்கு லண்டன் ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. 2014-ல் வெளிவந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களையும், இரைப்பையின் மேல்பகுதியில் வளையம் மாட்டிக்கொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வளையமும் சாப்பாட்டுக்கான இடத்தைக் குறைக்கிறது. ஆனால் குடல் பாதையை மாற்றுவதில்லை. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு இளைத்திருந்தார்கள். உணவுப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, பைபாஸ் ஆனவர்களின் மூளையில் கொழுப்பும் இனிப்பும் நிறைந்த பண்டங்களுக்கு ஆசை காட்டும் பகுதிகள் அடங்கியிருந்தன. வளையம் மாட்டியவர்களுக்கு அந்த அளவு அடங்கவில்லை. குடல் ஹார்மோன்களைத் தடுக்கும் ஊசியைப் போட்டால், பைபாஸ் ஆனவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று வேறு சோதனைகள் காட்டின. ஒரே ஆள், அதே சின்ன வயிறு. ஹார்மோனை நிறுத்தியதும் ஆசை எழுகிறது. ஊசி போட்ட அரை நாளில் அவருடைய ஒழுக்கம் கெட்டுவிட்டதா?

எலிகளுக்கும் இதே ஆபரேஷனைச் செய்து பார்த்தார்கள். கொழுப்பு மிகுந்த தீனியை விட்டு அவை விலகின. எலிக்கு டயட் சார்ட் கிடையாது, ஊர் வாய்க்குப் பயமும் கிடையாது.

மன உறுதியைப் பற்றிப் பேசுபவர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 45-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் போரில் ஆயுதம் தூக்க மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்தவர்கள். நாடே போர்வெறியில் இருந்தபோது அந்த அவமானத்தைத் தாங்கி நின்றவர்கள். உறுதியில்லாதவர்கள் என்று இவர்களை யாரும் சொல்ல முடியாது. அவர்கள் தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை வாங்கி வாங்கிச் சேர்த்தார்கள். கனவிலும் சாப்பாடு. பட்டினி முடிந்த பிறகும் எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி பலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது. எடை குறையும் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பசியை ஏற்றுகிறது. 2011-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் இதை ஹார்மோன் அளவிலேயே காட்டினார்கள்: டயட்டால் இளைத்தவர்களுக்கு, ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. டயட் இருந்து இளைத்து மறுபடி பெருத்த கோடிக்கணக்கான பேர் தினமும் போராடியது இதோடுதான். நாம் அவர்களைச் சோம்பேறி என்றோம்.

இதில் பெண்களுக்குக் கிடைப்பது இரட்டை அடி. கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் பெண்ணுக்கு லட்சணம் என்று சொல்லி வளர்க்கும் அதே வீடு, மிச்சத்தை வீணாக்காதே என்று ராத்திரி பத்து மணிக்குச் சட்டியை அவள் பக்கம் தள்ளுகிறது. எடை கூடினால் நாக்கு நீளம் என்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டால் குறுக்குவழி என்கிறது.

எதிர்ப்பக்கத்துப் பொய்யையும் விடக்கூடாது. "இனிப்பு ஆசையே ஒழிந்துவிடும்" என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனைகள் இந்த அறிவியலை விற்பனைச் சரக்காக்குகின்றன. ருசி மாற்றம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. டென்மார்க்கில் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பஃபே முன் உட்கார வைத்துப் பார்த்தபோது, சாப்பிட்ட அளவு வெகுவாகக் குறைந்தது. எதை எடுத்தார்கள் என்பது அவ்வளவாக மாறவில்லை. சிலருக்கு மாமிசம் ஒத்துக்கொள்ளாமல் போகிறது, சிலருக்குக் காபி. ஒரு வருடம், இரண்டு வருடம் போனபின் பழைய ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதும் உண்டு. 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வில், பைபாஸ் ஆனவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 சதவீத எடை இழந்தார்கள். பத்தாம் வருடத்தில் அது 25 சதவீதமாக இருந்தது. கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. அந்த ஏற்றத்தைப் பார்த்து "இவ்வளவு செலவழித்தும் திருந்தல" என்று பேச ஊர் தயாராகக் காத்திருக்கிறது. அதே ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது என்பது அந்தப் பேச்சில் வருவதேயில்லை.

இப்போது மவுஞ்சாரோ போன்ற ஊசிகள் இந்தியாவுக்கே வந்துவிட்டன. குடல் ஹார்மோன்களின் சாயலில் செய்த மருந்துகள் இவை. போட்டுக்கொண்டவர்கள், நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கிவிட்டது என்கிறார்கள். வாரம் ஒரு ஊசியில் அடங்குகிற ஒன்றைக் குணக்கேடு என்று சொல்லித் தலைமுறைகளைத் தலைகுனிய வைத்திருக்கிறோம்.

இந்தப் பழிச்சொல்லால் உயிருக்கே ஆபத்து வருகிறது என்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். அவமானத்துக்குப் பயந்து பலர் ஆபரேஷனையே மறைக்கிறார்கள். வாக்கிங் போய் இளைத்தேன் என்று சொல்லிவிடுகிறார்கள். மறைப்பவர் பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வீட்டில் எல்லோர் எதிரிலும் போட முடியாமல் விடுகிறார். ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் பின்னால் வருகின்றன. பைபாஸ் ஆனவருக்கு மது வழக்கத்தைவிட வேகமாக ஏறும் என்பது கூட இருப்பவர்களுக்குத் தெரியாமல் போகிறது. முழங்கால் வலி என்று மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் டைக்ளோஃபினாக் கொடுக்கிறார். பைபாஸ் ஆன வயிற்றில், குடலை இணைத்த இடத்தில் அந்த வகை வலி மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும், ரத்தம் கசியவும் வைக்கும். கடைக்காரருக்கு அது தெரிய வழியில்லை. சொல்ல வேண்டியவர், கவுண்டரில் பக்கத்துத் தெருக்காரர் நிற்கிறார் என்று வாயைத் திறக்காமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறார்.