நூறில் ஒரு பங்கு ராக்கெட்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் நம் மாவட்டத்துத் தெருக்களில் சிறுவர்கள் குனிந்தபடி நடப்பதைக் கண்டிருப்பீர்கள். வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் கொட்டிக் குழாயில் அடைத்து, ‘ராக்கெட்’ செய்யப் பார்க்கிறார்கள். அந்த விரல்கள் பிறகு எங்கே வந்து சேர்கின்றன என்பதைத் தீக்காயப் பிரிவில் உடனிருந்தவர்கள் அறிவார்கள்.

அடித்துத் திருத்துவதால் இது நிற்காது என்பது என் கருத்து. தெற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த மண்ணில் வளரும் பிள்ளைக்கு ராக்கெட் ஆசை வராவிட்டால்தான் வியப்பு. ஆசை இருக்கட்டும், மருந்து மட்டும் அகலட்டும்.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர். நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் 43.5 சென்டிமீட்டர். சிவகாசியில் அச்சான பழைய மாத நாட்காட்டியின் தாளை, வெள்ளைப்புறம் வெளியே தெரிய, 4 செ.மீ. விட்டத்தில் சுருட்டினால் நடு உடல் ஆயிற்று. (சாமி படமாயின் பாட்டியிடம் அனுமதி பெறுக.) இருபுறமும் 3.2 செ.மீ. விட்டமும் சுமார் 26 செ.மீ. நீளமும் உள்ள குழல்கள் இரண்டை ஒட்டவேண்டும். அவற்றின் முனைக்குத் திருமண அழைப்பிதழ் அட்டையில் கூம்புகள். உச்சியிலுள்ள தலைக்கவசத்துக்கு, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்ட 5 செ.மீ. பிளாஸ்டிக் உருண்டை. தினசரி நாட்காட்டியின் அட்டை பீடமாகும். கொலுவில் மிஞ்சிய சரிகைத் தாளும் உதவும்; ஆனால் மினுமினுப்புத் தூள் உதிரும் எதுவும் புண்ணுள்ள குழந்தையின் அருகே வேண்டா.

பக்கக் குழல்களை ஒட்டும்போது ஒன்றைச் சொல்லுங்கள். உண்மை ராக்கெட்டில் அவை ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன் திட எரிபொருள் உண்டு. அதில் கலந்துள்ள அலுமினியத் தூள் நம் ஊர்ப் பட்டாசிலும் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாவில் அந்த எரிபொருளை நன்கறிந்த பொறியாளர்களே, அது பற்றும் நேரத்தில் பல கிலோமீட்டர் விலகி இருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் எவரும் நிற்பதில்லை. பிள்ளைக்கு மிரட்டலைவிட இது உறைக்கும்.

“பறக்காதது ராக்கெட்டா?” என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதான். காலித் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் துளையிட்டு உறிஞ்சுகுழலைச் செருகி, இடைவெளியைக் களிமண்ணால் அடையுங்கள். ஒருமுனை மூடிய சிறு காகிதக் குழலை அதன்மேல் மாட்டிப் பாட்டிலை அழுத்தினால் காற்றே அதை எறிந்துவிடும். படுக்கையில் இருக்கும் பிள்ளையும் இதைச் செய்யலாம், எவர் முகத்தையும் நோக்காமல்.

இவ்வளவுக்குப் பிறகும் தீப்பட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மையும் பற்பசையும் பூசிக்கொண்டு வருவோர் இன்னும் குறையவில்லை. தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசுகளின்மேல் அன்றிரவே தண்ணீர் ஊற்றி, பிறகு வாளி நீரில் ஊறப்போடுவது பெரியவர்களின் வேலை; பிள்ளைகள் எழுமுன் அது முடிந்திருக்கவேண்டும்.