தாமரைக்கு யார் பட்டா கொடுத்தது?

சிலுவையின் அடியில் தாமரையைக் கண்டால் இரு தரப்பாருக்குப் பொறுப்பதில்லை. கிறித்தவருள் ஒரு சாரார் அதைக் கோயில் பூ, விக்கிரக ஆராதனையின் எச்சம் என்கின்றனர். எதிர்ப்பக்கத்தில் ஒரு சாரார் அது மதமாற்றத்துக்காகத் திருடப்பட்ட பூ என்கின்றனர். பகைவர்களாகத் தோன்றும் இவ்விரு தரப்பாரும் நம்புவது ஒரே பொய்யைத்தான்: பூவுக்கும் பறவைக்கும் மதம் உண்டு என்னும் பொய்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த பரங்கிமலைக்குச் சென்று பாருங்கள். 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே கண்டெடுத்த கற்சிலுவை பஹ்லவி எழுத்துப் பொறித்தது. அவர்கள் இந்நாட்டில் கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. உச்சியில் இறங்கும் புறா. அடியில் விரியும் தாமரை இதழ்கள். ஆகவே, 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் சின்னத்தில் தாமரை இருப்பது நேற்றைய தந்திரமன்று. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் திருமகள் தாமரைமேல் வீற்றிருக்கிறாள். புத்தருக்கும் அதுவே இருக்கை. ஆறாம் தீர்த்தங்கரர் பத்மபிரபருக்கு அதுவே இலாஞ்சனம். இவர்களுள் யார் யாரிடம் திருடினார்? சேற்றில் வேரூன்றிச் சேறு ஒட்டாமல் மலரும் பூவைக் கண்ட எவர்க்கும் தோன்றக்கூடிய பொருள் அது.

ஆயினும் தாமரைக்காக வாதாடும் நம்மவரிடமும் ஒரு குறை உண்டு. மண்ணின் அடையாளம் என்றவுடன் தேசிய மலரையும் தேசியப் பறவையையும் நாடுகிறோம். நாட்காட்டிப் படத்துக்கு இது போதும்; திருச்சபைக்குப் போதாது. குருத்தோலை ஞாயிறை எண்ணிப் பாருங்கள். யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலம் சொல்வது பேரீச்சையை. தமிழ் விவிலியம் அதைக் குருத்தோலை ஆக்கியது. மக்கள் தென்னை, பனை ஓலைகளைக் கையில் எடுத்தனர். ஓலையில் சிலுவை முடைந்தனர். எந்த இறையியல் மாநாடும் கூடித் தீர்மானித்ததன்று இது. அருகில் நின்ற மரம் வழிபாட்டுக்குள் வந்தது, அவ்வளவே.

கூழைக்கடாவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. தன் மார்பைக் கிழித்துக் குருதியால் குஞ்சுகளைக் காக்கும் பறவையாக, கிறிஸ்துவின் பலிக்குக் குறியீடாக, ஐரோப்பியர் அதைப் பீடங்களில் செதுக்கினர். நம் ஆலயங்களில் அதை வணங்கி நிற்போருள் எத்தனை பேர் அது வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டும் அதே இனப் பறவை என்றறிவர்? அங்கே குஞ்சுகள் தாயின் தொண்டைப்பைக்குள் தலையை நுழைத்து மீன் தின்பதைக் காணலாம். அந்தப் பழங்கதையும் இத்தகைய காட்சியொன்றிலிருந்து பிறந்திருக்கக்கூடும். வேடந்தாங்கல் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்பறவைகளைக் காத்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1798இலேயே செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசு அதற்கு அரசின் பாதுகாப்பை அளித்தார்.

பறவைக்கும் ஊருக்கும் இடையிலான இந்த உடன்படிக்கையைவிடத் தகுந்த மறையுரைப் பொருள் செங்கற்பட்டுத் திருச்சபைக்கு வேறென்ன வேண்டும்? தாமரை யாருடையது என்று வழக்காடுவோர் முதலில் குளம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஏரி அழிந்தபின் பீடத்துக் கூழைக்கடா வெறும் கல். பனை வீழ்ந்தபின் ஓசன்னா பாடுவோர் கையில் எதை ஏந்துவர்?