மக்கும் பிளாஸ்டிக்: பெயரளவில் போதுமா?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியப்படும் பிளாஸ்டிக் பொருள்களில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு தடை விதித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், முப்பரிமாண அச்சு உற்பத்திக்கான தேசிய உத்தியை மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்டது. இத்துறையின் உலகச் சந்தையில் இந்தியாவின் பங்கை மூன்றே ஆண்டுகளில் 5 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. முன்னது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் விதி. பின்னது வேறோர் அமைச்சகத்தின் கனவு. இரண்டும் சந்திக்கும் இடம், மக்கும் பிளாஸ்டிக்கைக் கொண்டு உறுதியான பொருள்களை அச்சிடும் தொழில்நுட்பம்.

கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் பாலிலாக்டிக் அமிலமே இதன் முக்கிய மூலப்பொருள். உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் இதற்கான பெரிய ஆலை அமைக்கும் திட்டத்தைத் தனியார் சர்க்கரை நிறுவனம் ஒன்று 2024-ல் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த உயிரித் தொழில்நுட்பக் கொள்கையிலும் உயிரி பாலிமர்களுக்கு இடமுண்டு. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால், மூலப்பொருளும் இயந்திரமும் மட்டும் இருந்தால் பொருள் உருவாகிவிடாது. இந்த பிளாஸ்டிக் எளிதில் உடையக்கூடியது. சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். உறுதிக்காகச் சணல் இழையைச் சேர்த்தால் வேறு சிக்கல்கள் எழுகின்றன. சணல் ஈரத்தை உறிஞ்சும். பிளாஸ்டிக்குடன் எளிதில் ஒட்டாது. இழையின் அளவு கூடினால் அச்சு இயந்திரத்தின் முனை அடைத்துக்கொள்ளும். வெப்பம் 200 டிகிரியை வெகுவாகத் தாண்டினால் இழை கருகும். குறைந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று பிணையா. வெப்பம், வேகம், அடுக்கின் தடிமன், இழையின் விகிதம் ஆகியவற்றின் சரியான சேர்க்கையைச் சோதனைகள் மூலமே கண்டறிய முடியும். அதற்கான செலவைச் சிறு தொழிற்கூடங்கள் தாங்குமா?

தாங்க முடியாதபோது, கண்ணாடி இழையைச் சேர்ப்பது எளிய வழியாகத் தோன்றும். உறுதி கிடைக்கும், ஆனால் கண்ணாடி மக்காது. அப்பொருளுக்கும் "மக்கக்கூடியது" என்ற முத்திரை குத்தப்பட்டால், அது நுகர்வோரை ஏமாற்றுவதாகும். நுண்பிளாஸ்டிக் எதையும் விட்டுவைக்காமல் சிதைவதே மக்கும் பிளாஸ்டிக் என 2024 மார்ச் திருத்த விதிகள் வரையறுத்துள்ளன. இழை சேர்ந்த கலவைகளுக்கும் இந்தக் கண்டிப்பு தேவை. மேலும், பாலிலாக்டிக் அமிலம் விரைந்து மக்க, 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் நிலவும் தொழில்முறை உரக்கூடங்கள் வேண்டும். சாதாரணக் குப்பைமேட்டிலோ கடலிலோ அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

இந்த இரு அமைச்சகங்களையும் ஆய்வு செய்பவை இருவேறு நாடாளுமன்ற நிலைக்குழுக்கள். அதனால், முழுப் பிரச்னையும் ஒரே மேசைக்கு வருவதில்லை. அரசு ஆய்வகங்கள் கண்டறியும் அச்சு அளவீடுகளைச் சிறு தொழில்களுக்கு இலவசமாக வழங்க வேண்டும். ஆலைகளுக்குக் காட்டும் அக்கறையை உரக்கூடங்களுக்கும் காட்ட வேண்டும். சணலுக்கு முன்னுரிமை அளித்தால் வங்க விவசாயிக்கும் புதிய சந்தை திறக்கும்.

இவற்றைச் செய்யாமல் இலக்குகளை மட்டும் அறிவித்துக்கொண்டிருந்தால், பழைய குப்பைக்குப் புதிய பெயர் சூட்டியதாகவே முடியும்.